இரண்டு நொடிக்குள் தயாராகும் கேமரா: பயணத்துக்கு மிரர்லெஸ் கேமராவை அமைத்து வைக்கும் முறை

பயணத்தில் நல்ல காட்சி ஒன்று எதிரே நிற்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு, மூன்று நொடிகள்தான். கூடையைத் தூக்கித் தலையில் வைக்கும் கை, ரயில் ஜன்னலில் வந்து மறையும் பாலம், மேகம் விலகியதும் மலைமுகட்டில் விழும் வெயில் என எதுவும் நாம் மெனுவுக்குள் போய்த் திரும்பும்வரை காத்திருக்காது. கையடக்க மிரர்லெஸ் கேமராவிலோ நூற்றுக்கணக்கான அமைப்புகள் இருக்கின்றன. புதிதாக வாங்கியவர்களில் பலர் எல்லாவற்றையும் முழு ஆட்டோவில் விட்டுவிட்டு, படம் ஏன் மங்கலாக வந்தது என்று புரியாமல் திகைக்கிறார்கள். இன்னும் சிலர் மேனுவலில் எடுத்தால்தான் புகைப்படக்கலை என்று நம்பி, வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மூன்று டயல்களோடு போராடுகிறார்கள். இந்த இரண்டு வழியுமே பயணத்துக்கு ஒத்துவராது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. கேமராவுக்கு ஒரு ‘தயார் நிலை’யை அமைத்து வைப்பது. பையிலிருந்து எடுத்து, ஆன் செய்து, கண்ணருகே கொண்டுபோனதும் பத்தில் எட்டுக் காட்சிகளுக்கு அப்படியே பொருந்தும் ஓர் அமைப்பு. அதில் நீங்கள் முடிவு செய்பவை இரண்டு: அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு), எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டியோ குறைத்தோ திருத்துவது). ஷட்டர் ஸ்பீடுக்கு, அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் பதிவாக வேண்டும் என்பதற்கு, ஒரு கீழெல்லை மட்டும் சொல்லிவிடுவீர்கள். மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டுரை அந்த நிலையை எப்படி அமைப்பது, ஒவ்வொன்றையும் ஏன் அப்படி வைக்கிறோம் என்பதைப் பற்றியது.

கண்ணாடி போனதால் என்ன மாறியது

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி, வெளிச்சத்தை மேலே நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்பும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. அதற்கான இடமும் தேவைப்படாததால் லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார்வரை உள்ள தூரம் குறைந்துவிட்டது. கேனானின் பழைய ஈஎஃப் மவுண்டில் அது 44 மில்லிமீட்டர், மிரர்லெஸ்ஸுக்கு வந்த ஆர்எஃப் மவுண்டில் 20. பாடி மெலிந்தது இதனால்தான். 2008இல் பானசோனிக் கொண்டுவந்த லூமிக்ஸ் ஜி1 இந்த வகையின் தொடக்கம் என்று சொல்லலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய சென்சார் அமைப்பின் முதல் கேமரா அது.

அளவு குறைந்ததைவிடப் பெரிய லாபம் வேறு. மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்ப்பது சென்சார் பார்ப்பதைத்தான். படம் வெளிறிப்போகுமா, இருண்டுபோகுமா என்பது பொத்தானை அழுத்துவதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடுகிறது. நாம் சொல்லப்போகும் முறை முழுக்க இந்த ஒரு வசதியை நம்பியே இருக்கிறது.

அதில் ஒரு பொறியும் உண்டு. திரையின் பிரகாசத்தை வெயிலுக்காகக் கூட்டி வைத்துவிட்டு மறந்துவிட்டால், அன்று இரவு எடுக்கும் படங்கள் எல்லாம் திரையில் பளிச்சென்று தெரியும். கணினியில் திறந்தால் இருட்டாக இருக்கும். எனவே பின்திரை, வியூஃபைண்டர் இரண்டின் பிரகாசத்தையும் நடுநிலையில் நிறுத்திவிடுங்கள். வெயிலில் பின்திரை தெரியவில்லை என்றால் அதைக் கூட்டுவதைவிட வியூஃபைண்டருக்குக் கண்ணைக் கொண்டுபோவது நல்லது. வியூஃபைண்டரே இல்லாத சிறிய பாடியாக இருந்தால், உங்கள் நிழலிலேயே திரையை வைத்துப் பாருங்கள்.

வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது

நம் கண் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டே இருப்பதால், வெளியே இருந்து ஒரு வீட்டுக்குள் நுழையும்போது ‘கொஞ்சம் இருட்டு’ என்றுதான் நமக்குத் தோன்றும். கேமராவுக்கு அது கொஞ்சம் இல்லை.

நல்ல உச்சி வெயில். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் எஃப் 5.6 அப்பர்ச்சரில் இருக்கிறது, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அளவு) 100. சரியான எக்ஸ்போஷருக்கு ஷட்டர் ஸ்பீட் ஏறக்குறைய 1/1000 நொடி வரும். நான்கு அடி எடுத்துவைத்துக் கட்டட நிழலுக்குள் வாருங்கள். அதே அப்பர்ச்சர், அதே ஐஎஸ்ஓவில் 1/60 ஆகிவிடும். இன்னும் உள்ளே, ஜன்னல் வெளிச்சம் மட்டும் வரும் அறைக்குள் போனால் 1/4 நொடி. வெயிலுக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 250 மடங்கு. புகைப்படக்காரர்கள் இதை எட்டு ஸ்டாப் என்பார்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. எட்டு முறை இரட்டித்தால் 256.

1/4 நொடிக்குக் கையில் கேமராவை அசையாமல் பிடிப்பது கடினம். அறைக்குள் இருப்பவர் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கவும் மாட்டார். பயணப் படங்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதுதான். நிறம் சரியில்லை, படத்தில் புள்ளி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு திருத்தக்கூடியவை. அசைவால் கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அதனால் நம் தயார் நிலையின் முதல் வேலை, ஷட்டர் ஸ்பீட் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் காவல் காப்பது.

ஷட்டருக்குக் கீழெல்லை

மோட் டயலை அப்பர்ச்சர் பிரையாரிட்டிக்குத் திருப்புங்கள். சோனி, நிக்கான், பானசோனிக் ஆகியவற்றில் ‘ஏ’ என்று இருக்கும், கேனானில் ‘ஏவி’. ஷட்டருக்குத் தனி டயல் உள்ள ஃபுஜிஃபிலிம் பாடிகளில் அந்த டயலை ‘ஏ’யில் வைத்து, அப்பர்ச்சரை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தால் அதே நிலைதான். அடுத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். நிற்கக்கூடாது. ஐஎஸ்ஓ ஆட்டோ அமைப்புக்குள்ளேயே இன்னும் இரண்டு பெட்டிகள் இருக்கும்: அதிகபட்ச ஐஎஸ்ஓ, குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீட். இரண்டாவதுதான் முக்கியம்.

அதை அப்படியே விட்டால் பல கேமராக்கள் பழைய கை நடுக்கக் கணக்கைப் பின்பற்றும். லென்ஸின் குவியத்தூரம் (லென்ஸில் மி.மீ. என்று எழுதியிருக்கும் எண்) எவ்வளவோ, அதன் தலைகீழ்தான் ஷட்டர் ஸ்பீடின் கீழெல்லை என்பது அந்தக் கணக்கு. பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 1.5ஆல் பெருக்க வேண்டும் (கேனானில் 1.6), இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2ஆல். ஆகவே ஏபிஎஸ்-சியில் அதே 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80. உங்கள் கை நடுக்கத்துக்கு இந்தக் கணக்கு போதும். எதிரே இருப்பவரின் அசைவு இந்தக் கணக்கில் வரவே வராது.

எதிரே இருப்பவருக்கான கணக்கு இப்படி: நின்று பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125. நடப்பவருக்கு 1/250. ஓடும் குழந்தைக்கும் சைக்கிளுக்கும் 1/500. ஓடும் வண்டியிலிருந்து வெளியே எடுப்பதென்றால் 1/1000. தொலைவில் உள்ள மலைக்கு 1/500 போதும், தண்டவாளத்தை ஒட்டிய மரங்களுக்கு 1/1000 கூடப் போதாமல் போகலாம். பகலில் தெருவில் நடந்து திரியும் பயணத்துக்குக் கீழெல்லையை 1/250இல் வையுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. ஆட்கள் இல்லாத உட்புறங்களுக்குப் போகும்போது மட்டும் 1/60க்கு இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது அதே மூன்று இடங்களுக்கு மறுபடி போவோம். வெயிலில் 1/1000, ஐஎஸ்ஓ 100. நிழலுக்குள் வந்ததும் ஷட்டர் 1/250இல் நின்றுவிடும். அதற்குக் கீழே போக அனுமதி இல்லாததால் கேமரா ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றும். அறைக்குள் போனால் ஷட்டர் அதே 1/250, ஐஎஸ்ஓ 6400 அளவுக்குப் போகும். நீங்கள் எந்த டயலையும் தொடவில்லை. மூன்று படங்களும் கூர்மையாகவே இருக்கும்.

தொடக்கநிலை பாடிகள் சிலவற்றில் குறைந்தபட்ச ஷட்டர் என்ற வசதி இருக்காது. அப்படியானால் ஷட்டர் பிரையாரிட்டியில் 1/250 வைத்து, ஐஎஸ்ஓ ஆட்டோவில் விடுங்கள். அப்பர்ச்சரைக் கேமரா தேர்ந்தெடுக்கும் என்பது ஒரு குறை. ஆனாலும் முழு ஆட்டோவைவிட இது எவ்வளவோ மேல்.

லென்ஸிலோ பாடியிலோ உள்ள ஸ்டெபிலைசேஷனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிக்கட்டும். காலியான மண்டபத்தை 1/8 நொடியில்கூட அதன் உதவியால் கூர்மையாக எடுத்துவிடலாம். அந்த மண்டபத்தில் ஒருவர் நடந்து போனால் அவர் மட்டும் புகையாகத் தெரிவார். ‘ஸ்டெபிலைசர் இருக்கிறதே, ஏன் மங்கலாக வந்தது?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. சிறிய பாடிகள் பலவற்றில் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. லென்ஸில் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ 6400 என்றால் பயமா?

பயப்படத் தேவையில்லை. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் வரும் மணல்மணிப் புள்ளிகளுக்கு உண்மையான காரணம், சென்சாரில் விழுந்த வெளிச்சம் குறைவு என்பதுதான். அந்தக் குறைந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும்போது அதோடு கலந்திருந்த தடுமாற்றமும் சேர்ந்து பெருகுகிறது. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள இன்றைய கேமராக்களில் 6400வரை தாராளமாகப் போகலாம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 3200வரை. அதிகபட்ச ஐஎஸ்ஓவை இதற்கு ஒரு ஸ்டாப் மேலே, அதாவது 12800 அல்லது 6400 என்று வைத்துவிடுங்கள். புள்ளி உள்ள கூர்மையான படத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். புள்ளியே இல்லாமல் கலங்கிய படத்தை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

அதிகபட்சத்தை மிகக் குறைவாக, 1600 என்று வைத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ்ஓ உச்சவரம்பைத் தொட்டதும் கேமராவுக்கு வேறு வழி இல்லை. நீங்கள் வைத்த ஷட்டர் கீழெல்லையை மீறி 1/60, 1/30 என்று இறங்கத் தொடங்கும். பெரும்பாலான கேமராக்கள் இதைச் சத்தமில்லாமல் செய்யும். இரவில் எடுத்த படங்கள் மட்டும் கலங்கி வந்தால் முதலில் இந்த உச்சவரம்பைப் பாருங்கள்.

அப்பர்ச்சர்: பகலில் ஒன்று, உள்ளே ஒன்று

எஃப் 2.8, 4, 5.6, 8, 11 என்ற வரிசையில் ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். எண் கூடக்கூடத் துளை சிறிதாகிறது, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடுகிறது. பயணத்துக்கு இதில் ஆழ்ந்து யோசிக்க வேண்டியது குறைவுதான். வெளியில் இடத்தையும் ஆட்களையும் சேர்த்துக் காட்ட எஃப் 5.6 முதல் 8வரை. உட்புறத்திலும் இரவிலும் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ஒருவரின் முகத்தை மட்டும் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டுமானாலும் அவ்வளவே.

நிலக்காட்சிக்கு எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போவது பழைய பழக்கம். சிறிய சென்சாரில் அது நஷ்டம். துளை மிகச் சிறிதானால் வெளிச்சம் அதன் விளிம்பில் வளைந்து பரவும். படம் முழுவதும் ஒரே சீராக மென்மையாகிவிடும். ஏபிஎஸ்-சியில் எஃப் 11ஐயும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 8ஐயும் தாண்டாமல் இருப்பது நல்லது.

கேமராவோடு வரும் சிறிய ஜூம் லென்ஸ்களில் பல, முழுதாக நீட்டினால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. இதனால்தான் இரண்டாவது லென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு நாங்கள் இன்னொரு ஜூமைப் பரிந்துரைப்பதில்லை. எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு சிறிய பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ் போதும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 10. பத்து மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400 கேட்ட அந்த அறை இப்போது 640இல் முடிந்துவிடும். ஏபிஎஸ்-சி பாடிக்கு 23 அல்லது 35 மி.மீ. குவியத்தூரத்தில் பாருங்கள். 23 தெருவுக்கும் அறைக்கும் வசதி, 35 முகங்களுக்கு. இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 23 மி.மீ. பக்கம் சாய்வோம். பயணத்தில் பின்னால் நகர இடம் இல்லாமல் சுவரில் முட்டி நிற்கும் சூழல்தான் அதிகம்.

உங்கள் கட்டைவிரலுக்கு ஒரே ஒரு டயல்

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குத் தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாது. காட்சியில் உள்ள எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. காட்சி உண்மையிலேயே அப்படி இருந்தால் படம் சரியாக வரும். வெண்மணல் கடற்கரையையோ பனிமலையையோ சுண்ணாம்பு அடித்த சுவரையோ காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். படம் இருண்டு அழுக்காக வரும். கரிய பாறைக் குகையைக் காட்டினால் அதை வெளிறச் செய்துவிடும்.

இதைத் திருத்துவதுதான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கூட்டல், கழித்தல் குறிகளோடு, பெரும்பாலும் வலது கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு டயலாக இருக்கும். இல்லையென்றால் பின்சக்கரத்துக்கு இந்த வேலையைக் கொடுங்கள். வெள்ளை நிறைந்த காட்சிக்கு +1 முதல் +1.7 வரை. ஜன்னலையோ வானத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரின் முகத்துக்கு +1 முதல் +2. வானம் வெளுக்கும், முகம் தெரியும், எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. விளக்குகள் எரியும் இரவுத் தெருவுக்கு -0.7 முதல் -1. சூரிய அஸ்தமனத்துக்கு -0.7, கூட்டினால் அந்தச் செம்மஞ்சள் வெளிறிவிடும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திரையைப் பார்த்தபடி டயலைத் திருப்பினால் படம் கண்முன்னே மாறும். சரியாகத் தெரிந்ததும் நிறுத்தி அழுத்துங்கள். ஹிஸ்டோகிராமையும் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ஜீப்ராவையும் இயக்கிவைத்தால் இன்னும் துணிந்து செய்யலாம். வெளுத்து விவரம் போகும் பகுதியில் ஜீப்ரா கோடு ஓடும். மேகத்தில் கொஞ்சம் ஓடினால் டயலை ஒரு சொடுக்குக் குறையுங்கள். சூரியனிலும் விளக்கிலும் மட்டும் ஓடினால் விட்டுவிடுங்கள். அவற்றில் காட்ட விவரம் எதுவும் இல்லை.

இந்த டயலில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, திரும்பத் திரும்ப நடக்கும். கடற்கரையில் +1.7 வைத்ததை மறந்து மாலை முழுவதும் அதே அளவில் எடுப்பது. பைக்குள் உரசித் தானாகத் திரும்புவதும் உண்டு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டே கேமராவைத் தொங்கவிடும் பழக்கம் வந்துவிட்டால், தயார் நிலை கெடாது.

ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை ஜேபெக்காகச் சுருக்காமல் எடுத்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். ஓரளவுக்குச் செய்யலாம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் வைத்திருக்கிறது. 14 பிட் ரா 16,384 படிகள். இருண்டதைத் தூக்கவும் நிறத்தை மாற்றவும் ராவில் இடம் தாராளம். முழுதாக வெளுத்துப்போனதை ராவாலும் திருப்பித் தர முடியாது. பழகும்வரை ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள்.

ஃபோகஸ்

முகம், கண் கண்டறிதலை எப்போதும் இயக்கிவையுங்கள். ஃபோகஸ் பரப்பை முழுச் சட்டத்துக்கும் விடாமல், நடுவில் ஒரு சிறிய பெட்டியாகவோ, விரலால் தொட்டு நகர்த்தும் புள்ளியாகவோ வையுங்கள். முழுப் பரப்பையும் கொடுத்தால் கேமரா பெரும்பாலும் அருகில் உள்ளதைப் பிடிக்கும்: முன்னால் நீட்டிய கிளை, கம்பி வேலி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய தூசு. அசையாதவற்றுக்கு ஏஎஃப்-எஸ் (ஒருமுறை பிடித்ததும் ஃபோகஸ் நின்றுவிடும்), நகர்பவற்றுக்கு ஏஎஃப்-சி (ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும்). ஆட்கள் நடமாடும் இடம் என்றால் ஏஎஃப்-சியிலேயே விட்டுவிடலாம்.

வெறும் சுவர், மூடுபனி, மேகமற்ற வானம் ஆகியவற்றில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தடுமாறும். பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு விளிம்பு வேண்டும். சுவரின் ஓரத்தையோ தொடுவானத்தையோ காட்டிப் பிடிக்கச் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி சட்டத்தைத் திருப்புங்கள் (ஏஎஃப்-எஸ்ஸில் மட்டும் இது செல்லும்). வண்டி ஜன்னல் வழியாக எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகே கொண்டுபோங்கள். ஆனால் முட்டவைக்காதீர்கள், வண்டியின் அதிர்வு நேராகக் கேமராவுக்கு வரும்.

சத்தமில்லாத ஷட்டரின் விலை

திரை எதுவும் அசையாமல் சென்சாரைக் கொண்டே படம் பதியும் எலக்ட்ரானிக் ஷட்டர் சத்தமே போடாது. அருங்காட்சியகத்திலும் தூங்கும் பயணிகளுக்கு நடுவிலும் அது வரம்தான். ஆனால் அதைத் தயார் நிலையில் வைக்காதீர்கள். பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. ஒரு படம் முழுதாகப் படித்து முடிவதற்குள் ஓடும் வண்டி நகர்ந்துவிடும். நேரான கம்பங்கள் சாய்ந்து வரும். ரயில் ஜன்னல் படங்களில் மின்கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் காரணம் இதுதான். ஷட்டர் ஸ்பீட் 1/4000 வைத்தாலும் இது போகாது. படிக்கும் வேகம் வேறு, ஷட்டர் ஸ்பீட் வேறு.

இரண்டாவது தொல்லை விளக்குகள். மின்விளக்குகளில் பல, மின்சாரத்தின் அலைவுக்கேற்ப மினுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறை. வரிவரியாகப் படிக்கும்போது அந்த மினுக்கல் படத்தில் குறுக்குப் பட்டைகளாக விழும். முதல் வகை நாடுகளில் 1/100 அல்லது 1/50, இரண்டாவது வகையில் 1/125 அல்லது 1/60 வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். நாடு மாறினால் இதுவும் மாறும் என்பது நினைவிருக்கட்டும். ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 என ஒரே நாட்டுக்குள்ளேயே மாறுகிறது. சில எல்இடி விளக்குகள் இந்தக் கணக்குக்கு அடங்காமல் வேறு வேகத்தில் மினுக்கும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புவதே வழி. மிகச் சிறிய பாடிகள் சிலவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை, வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்பைச் சேமிப்பது

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரு முறை அமைத்தபின், அதைக் கேமராவின் தனிப்பயன் நினைவில் சேமித்துவிடுங்கள். மோட் டயலில் 1, 2 அல்லது சி1, சி2 என்று இருக்கும். முதலாவதில் பகல் நிலை: எஃப் 5.6, கீழெல்லை 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ, ஏஎஃப்-சி, மெக்கானிக்கல் ஷட்டர், காம்பன்சேஷன் பூஜ்யம். இரண்டாவதில் அசையாத உட்புறத்துக்கு: முழுதாகத் திறந்த அப்பர்ச்சர், கீழெல்லை 1/60, ஏஎஃப்-எஸ். எதையாவது மாற்றிக் குழப்பிவிட்டால் டயலை வேறு இடத்துக்குத் திருப்பி மறுபடி கொண்டுவந்தால் போதும், பெரும்பாலான பாடிகளில் சேமித்த நிலை திரும்பிவிடும். வெளியே தனி டயல்களில் கையால் வைத்தவை மட்டும் இதில் அடங்காமல் போகலாம். அவற்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: அஸ்தமனத்தின் செம்மையை ஆட்டோ ‘குறை’ என்று நினைத்துக் குறைத்துவிடும். அப்போது டே லைட்டுக்கு மாற்றுங்கள்.

தூசு, ஈரம், மின்சாரம்

கண்ணாடி இல்லாததால் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் நேராக வெளியே தெரியும். கேமராவை ஆஃப் செய்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். புதிய லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்துக்கொண்டால் வேலை சில நொடிகளில் முடியும். தூசு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, எஃப் 16 வைத்து வெளிர்ந்த வானத்தை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வரும் சாம்பல் வட்டம்தான் தூசு. ரப்பர் புளோயரால் ஊதிப் பாருங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும். அழுத்தக் காற்று டப்பா உறைந்த திரவத்தைத் துப்பிவிடக்கூடும். இரண்டும் வேண்டாம்.

குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தால் லென்ஸின் மேல் நீராவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடியபடியே வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் விட்டால், ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியின் மேல் படியாது. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

சிறிய பாடியின் சிறிய பேட்டரி 300, 400 படங்களுக்குள் தீர்ந்துவிடும். திரையும் சென்சாரும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஒரு நிமிடத்தில் தூங்கும்படி அமைத்து, புளூடூத்தை அணைத்துவிட்டு, ஒரு மாற்றுப் பேட்டரி வைத்துக்கொண்டால் ஒரு நாள் ஓடும். குளிர்ப்பிரதேசத்தில் அந்த மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். சில்லிட்ட பேட்டரி, சக்தி இருந்தும் தீர்ந்ததுபோல் காட்டும். விமானத்தில் தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரிகள் கையோடு கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட் அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. இந்தக் கேமராக்களின் பேட்டரிகள் ஏறக்குறைய 7 முதல் 17 வாட் அவருக்குள்தான் வரும். முனைகள் நாணயத்தோடோ சாவியோடோ உரசாதபடி பிளாஸ்டிக் மூடி போட்டு வையுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு: பழைய படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டீர்களா என்று உறுதிசெய்தபின் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கேமராவின் கடிகாரத்தைப் போகும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கேமரா படங்களும் போன் படங்களும் வரிசை தப்பிக் கலந்துவிடும். பிறகு வீட்டிலேயே, ஜன்னலுக்கு வெளியே ஒரு படம், அறைக்குள் நடக்கும் ஒருவரை ஒரு படம் எடுத்து, இரண்டிலும் ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவதில் 1/250க்குக் கீழே இறங்கியிருந்தால் கீழெல்லை சேமிக்கப்படவில்லை, அல்லது ஐஎஸ்ஓ உச்சவரம்பு குறைவாக இருக்கிறது.